சட்டைப்பையில் ஒரு சின்னக் கொடி

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேலே பறந்தாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

2016 ஜூலை 22 காலையில் இந்தத் தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பியது ஏ.என். 32 விமானம். உள்ளே 29 பேர். விமானப்படை, ராணுவம், கடற்படை என முப்படையினரும் இருந்தார்கள். சிவில் ஊழியர்களும் இருந்தார்கள். வங்கக்கடலுக்கு மேலே விமானம் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில்தான் செய்தி வந்தது. நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில், 3,400 மீட்டர் ஆழத்தில், அதன் சிதைவுகள் தெரிந்தன.

அங்கே போர் நடக்கவில்லை, குண்டு வெடிக்கவில்லை. வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை, அவ்வளவுதான். அத்தனை வருடமும் அந்த வீடுகளில் வாசலைப் பார்த்தபடி யாரோ ஒருவர் இருந்திருப்பார்.

இப்படிப்பட்ட வீடுகளை நாடு மறக்கக் கூடாது என்றுதான் கொடி நாள் பிறந்தது. சுதந்திரம் வந்து இரண்டு ஆண்டு கழித்து, 1949 ஆகஸ்டில், பாதுகாப்பு அமைச்சரின் கீழ் அமைந்த குழு இதை முடிவு செய்தது. அன்று முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடி நாள். உயிர் நீத்தவர்களின் குடும்பங்கள், ஊனமுற்ற வீரர்கள், ஓய்வுபெற்றவர்கள் என இவர்களுக்காகவே நிதி திரட்டுகிறார்கள். படை இளமையாக இருக்க வேண்டும் என்பதால் ஜவான்கள் பலர் நாற்பது வயதுக்குள்ளேயே ஓய்வுபெறுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில், அப்பா மறுபடியும் வேலை தேட வேண்டும்.

பள்ளியில் உண்டியலோடு வந்து, குண்டூசியால் சட்டைப்பையில் குத்திவிடுவார்களே, அந்தச் சின்னக் கொடியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சிவப்பு ராணுவத்துக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. தாம்பரத்திலிருந்து கிளம்பிய அந்த விமானத்தில் இந்த மூன்று நிறமும் இருந்தன.

வருகிற டிசம்பர் 7 அன்று உண்டியலில் உங்களால் முடிந்ததைப் போடுங்கள். கூடவே இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் தெரு வங்கி வாசலில் காவலுக்கு நிற்கும் பெரியவர் முன்னாள் ராணுவத்தினராக இருக்கலாம். அருகில் போய், “எந்த ரெஜிமெண்ட் ஐயா நீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள்.