படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டுகள்



புதுச்சேரி மக்களுக்குப் பிரான்சு அண்டை வீடு போன்றது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, இங்குப் பிறந்து வாழ்ந்தோருள் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுத்தோர் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தனர்; ஏனையோர் இந்தியராயினர். ஆதலால் இன்று ஒரே தெருவிலிருந்து இரு பிள்ளைகள் பாரிசுக்குச் சென்றாலும் இருவர் நிலையும் ஒன்றன்று. குடியுரிமை உள்ள பிள்ளை படிப்பு முடிந்ததும் வேலையில் அமரலாம். மாணவர் விசாவில் சென்ற பிள்ளைக்கோ படிதோறும் அனுமதி வேண்டும். அடுத்த வீட்டைப் பார்த்துக் கடன் வாங்கும் பெற்றோர் முதலில் உணர வேண்டியது இதுவே.

படிக்கும் காலத்தில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை ஊதியத்திற்கு உழைக்கலாம். அது கைச்செலவுக்கு உதவும், கல்விக்கடனைத் தீர்க்காது. 2018 மார்ச்சில் இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அங்கு முதுநிலைப் பட்டம் பெற்ற இந்திய மாணவர் வேலை தேட 12 மாத அனுமதி பெறலாம். ஒருமுறை புதுப்பிக்கவும் செய்யலாம். அதன்பின் தங்குவதற்குக் கற்ற துறைக்கு இயைந்த பணியும், சட்டம் வகுத்த குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் ஒன்றரை மடங்கு சம்பளமும் வேண்டும். இல்லையேல், உள்ளூரில் தக்க ஆள் கிடைக்கவில்லை என்று நிறுவனம் மெய்ப்பிக்க நேரிடும்.

ஆங்கிலவழிப் படிப்பில் இடம் கிடைக்கலாம். வேலைக்குப் பெரும்பாலும் பிரெஞ்சு வேண்டும். 1889 முதல் இந்நகரில் அலியான்சு பிரான்சேசு இருக்கிறது. புறப்படுமுன் அங்கே மொழியைக் கற்பது பிள்ளைக்கு நாம் தரும் முதல் கட்டுச்சோறு.

இரண்டாண்டுத் தேடலில் வேலை அமையாத பிள்ளை, தொலைபேசியில் "எல்லாம் நலம்" என்கிறான். பொய்யாமை நோன்பைக் குழந்தைப் பருவத்திலேயே கேட்டு வளர்ந்தவன்தான். ஊர் என்ன சொல்லும் என்னும் பெற்றோரின் அச்சமே அவனைப் பொய் சொல்ல வைக்கிறது. கடனை அளவோடு வாங்குவதும் மிகுபொருள் விரும்பாமையே.

திரும்பி வருவது தோல்வியன்று. பிரான்சில் முதுநிலை முடித்த இந்தியர்க்கு ஐந்தாண்டுக் குறுகியகால விசா வழங்கப்படும் என 2023 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. பெற்ற வீட்டின் கதவும் அவ்வாறே திறந்திருக்கட்டும்.

அறம் வளர்க!