விதைக்கூடையும் வெண்திரையும்



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் எழுத்தர் உத்தியோகம் பார்த்துவரும் என்னிடம் அதனை எதிர்பார்க்க வேண்டாம். நாம் குடியிருக்கும் இந்தச் செகந்திராபாத்துக்கு அணித்தே நடைபெறும் ஒரு நற்காரியத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

விகாராபாத்திலிருந்து பீதர் செல்லும் பாதையில் ஜஹீராபாத் என்றொரு நிலையம் உண்டு. நம் அலுவலகத்தாருக்கு அது சீட்டில் எழுதும் ஒரு பெயர், அவ்வளவே. அதனை அடுத்துள்ள பாஸ்தாபூரை மையமாகக் கொண்டு, 1983 முதல் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்னும் நிறுவனம் பணியாற்றி வருகின்றது. ஊர்தோறும் ஏழைப் பெண்கள், அவர்களுள்ளும் பெரும்பாலோர் தலித் பெண்கள், கூடி அமைத்த குழுக்களுக்குச் ‘சங்கம்’ என்பதே பெயர். நமதும் சங்கம், அவர்களதும் சங்கம்!

அப்பெண்களின் நிலம் வானம் பார்த்த பூமி. சோளம், தினை, சாமை, துவரை என்று பலவற்றை ஒரே புலத்தில் கலந்து விதைக்கின்றனர். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கஞ்சி வார்க்கும். அறுவடைக்குப்பின் நல்ல மணிகளைத் தேர்ந்து, சாம்பலும் வேப்பிலையும் கலந்து கூடையிலும் பானையிலும் காப்பவரும் அவர்களே. நாம் இங்கே பொங்கலிடும் சங்கராந்தி நாளில், அவ்விதைகளை அலங்கரித்த மாட்டு வண்டிகளில் ஏற்றி, ஆடலும் பாடலுமாக ஊர் ஊராகச் செல்கின்றனர். ஏறத்தாழ ஒரு மாதம் நடக்கும் இத்திருவிழாவைப் பல ஆண்டுகளாக நடத்தி வந்துள்ளனர். தெய்வம் உலா வரக் கண்டிருக்கின்றோம். தினையும் சாமையும் உலா வருவது புதுமையன்றோ?

இனித் திரைக்கு வருகின்றேன். இந்நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர், 2023இல் மறைந்த பி. வி. சதீஷ் அவர்கள். முன்னர்த் தூர்தர்ஷனில் நிகழ்ச்சி தயாரித்தவர். எழுதப் படிக்க அறியாத கூலிப் பெண்களின் கையில் படக்கருவி கொடுக்கப்பட்டது. 2001இல் அவர்களுக்கெனச் சமூக ஊடக அறக்கட்டளை அமைந்தது. 2008இல் மாச்னூரில் சங்கம் வானொலியும் ஒலிக்கத் தொடங்கிற்று. விதை, களை, மூலிகை, பண்டிகை எனத் தாம் அறிந்தவற்றைத் தாமே படமாக்கித் தம் ஊராருக்கே காட்டினர்.

அவர்கள் படக்கலைக்கு இட்ட பெயர்களே என்னை மிகவும் கவர்ந்தன. மேலிருந்து கீழ்நோக்கி எடுப்பது ‘பட்டேல் ஷாட்’; திண்ணைமேல் அமர்ந்த நிலக்கிழார் கூலியாளைப் பார்க்கும் பார்வை அது. கீழிருந்து அண்ணாந்து எடுப்பது அடிமையின் பார்வை. கண்ணுக்கு நேர்கண்ணாக எடுப்பதோ ‘சங்கம் ஷாட்’. சங்கத்தில் எல்லோரும் ஒரே தரையில் அமர்பவர் அல்லவா? வகுப்பறையில் கற்றவர்க்கு இப்பெயர் தோன்றியிராது.

2002இல் பி.டி. பருத்திக்கு அரசு அனுமதி அளித்தபோது, இப்பெண்கள் வாரங்கல் பகுதிச் சிறு உழவர்களிடம் சென்று, அவர்களது நட்டக் கணக்கை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்தனர். அப்பருத்தி பற்றி அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உள. தீர்ப்புக் கூற யான் வல்லேன் அல்லேன். ஆயினும், உழவன் சொல்லை உழவர் மகளே கேட்டுப் பதிந்தாள் என்பது சிறிய செய்தியன்று.

அன்பர்களே! இந்நாட்டில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும், வாசலில் கீரை விற்கவரும் அம்மையாரை நாம் எந்தப் பார்வையில் பார்க்கின்றோம்? பட்டேல் பார்வையில்தான் என்று சொன்னால் சிலருக்குச் சினம் வரலாம், வரட்டும்.

நம் கூடத்தில் ஆண்டுதோறும் ஒரு தமிழ்ப் படம் காட்டுகின்றோம். வருமாண்டு அப்பெண்களின் படம் ஒன்றிரண்டையும் வரவழைத்துத் திரையிடுமாறு செயற்குழுவை வேண்டுகின்றேன். தெலுங்கைத் தமிழாக்கிச் சொல்லும் பொறுப்பு நம் பிள்ளைகளுடையது. அவர்களுக்குத் தமிழைவிடத் தெலுங்கே சரளம் என்பது பெற்றோர் மறைக்கும் இரகசியம்! அவ்வமயம் கீரை விற்கும் அம்மையாரும் முன்வரிசையில் அமரட்டும்.

அதற்குமுன் ஒரு ஞாயிறன்று ஜஹீராபாத் சென்றுவர விரும்புவோர் என்னிடம் பெயர் கொடுக்கலாம். பயணச்சீட்டு வாங்கும் வேலை என்னுடையது. கட்டுச்சோறு தங்கள் தங்கள் பொறுப்பு.