‘நாம்’ என்பதற்குள் யார் யார்?

(ஆசிரியர்களுக்கான பயிலரங்கம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு உரைகளை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள்? முதல் பக்கத்தில் ஒரு பேச்சின் சுருக்கம். அடுத்த பக்கத்தில் இன்னொரு பேச்சின் சுருக்கம். நடுவில் ‘அதேபோல்’ என்று ஒரு சொல். கடைசியில், ‘இருவரும் தலைசிறந்த பேச்சாளர்கள்’ என்று ஒரு முடிவு. அடுக்குமொழி எத்தனை, உவமை எத்தனை என்று எண்ணிக் காட்டிவிட்டால் முழு மதிப்பெண். இதில் ஒப்பீடு எங்கே இருக்கிறது?

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பேச்சு என்றால் சொல்லலங்காரம் என்றுதான் பேச்சுப் போட்டிகள் அவர்களைப் பழக்கியிருக்கின்றன. நாம் வேறு கேள்விகளிலிருந்து தொடங்குவோம். பேசுகிறவர் யார்? யாரிடம் பேசுகிறார்? அவர்களுக்கும் அவருக்கும் நடுவே என்ன இருக்கிறது? அவர்களை என்ன செய்யச் சொல்கிறார்? சாதிச் சமூகத்தில் வாழ்கிற நமக்கு இந்த நான்கு கேள்விகளும் புதியவை அல்ல.

இரண்டு உரைகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 1852 ஜூலை 5 அன்று பிரடெரிக் டக்ளஸ் ஆற்றியது. அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி வந்தவர் அவர். சுதந்திர தினத்தையொட்டிப் பேச அவரை அழைத்தது அடிமை முறையை எதிர்த்த ஒரு மகளிர் சங்கம். அன்று அமெரிக்காவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். இரண்டாவது, 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் ஆற்றிய நிறைவுரை. மறுநாள் அரசியல் சட்டம் ஏற்கப்பட இருந்தது.

ஒரு நாடு தன்னைப் பார்த்துப் பெருமைப்படும் நேரத்தில், அந்த நாடு மனிதராக மதிக்காத மக்களிடையே பிறந்த ஒருவர் பேசுகிறார். இருவரும் முதலில் பாராட்டுகிறார்கள். டக்ளஸ் அமெரிக்க விடுதலையின் முன்னோர்களைத் துணிச்சல் மிக்கவர்கள் என்கிறார். அம்பேத்கர் பி.என். ராவ் முதல் எஸ்.என். முகர்ஜி வரை, வரைவுக்கு உழைத்தவர்களைப் பெயர் சொல்லி நன்றி கூறுகிறார். பிறகு இருவரும் எச்சரிக்கிறார்கள். இதுவரை ஒற்றுமை. பெரும்பாலான கட்டுரைகள் இங்கேயே நின்றுவிடும்.

இங்கிருந்து மாணவர்களிடம் பிரதிப்பெயர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். டக்ளஸ் ‘உங்கள்’ என்கிறார். உங்கள் முன்னோர்கள், உங்கள் விடுதலை, இந்த நாள் உங்களுடையது, என்னுடையது அல்ல. எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோர் அவரை ஆதரித்த வெள்ளையர்கள்தான். நண்பர்களிடமும் அந்தக் கோட்டை அவர் அழிக்கவில்லை. அம்பேத்கரோ, 1950 ஜனவரி 26 அன்று நாம் ஒரு முரண்பாடான வாழ்க்கைக்குள் நுழையப் போகிறோம் என்கிறார். அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு. அதே உரையில் ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றிச் சொல்லும்போது ‘அவர்கள்’ என்கிறார். அவர்கள் ஆளப்பட்டுச் சலித்துவிட்டார்கள், தம்மைத் தாமே ஆள விரும்புகிறார்கள் என்கிறார். அந்த மக்களில் ஒருவர் ஏன் ‘அவர்கள்’ என்றார்? வரைவுக் குழுத் தலைவர் என்ற இருக்கையிலிருந்து பேசியதாலா? ஆள்கிறவர்களின் காதில் விழ வேண்டும் என்பதாலா? இந்தக் கேள்விக்கு மாணவர் விடை தேடத் தொடங்கும்போதுதான் கட்டுரை தொடங்குகிறது.

அம்பேத்கர் ஆங்கிலத்தில் பேசினார். அந்த மொழியில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் எழுதும் மாணவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். எதிரில் இருப்பவரைச் சேர்த்தால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. இந்த வேறுபாட்டின் எடை என்னவென்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ‘நம்ம ஊர்த் திருவிழா’ என்று நோட்டீஸ் அடிப்பார்கள். பல ஊர்களில் தேர் சேரிப் பக்கம் வராது, சேரியில் வரியும் வாங்க மாட்டார்கள். அந்த ‘நம்ம’வுக்குள் தான் இருக்கிறோமா என்று சேரிப் பிள்ளைக்கு எந்த இலக்கணப் புத்தகமும் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பில் அந்தப் பிள்ளைக்குப் பேச இடம் கொடுத்தால் போதும்.

அடுத்து வாதங்களை ஒப்பிடச் சொல்லுங்கள். அடிமையும் மனிதன் என்று நிரூபிக்க மாட்டேன் என்கிறார் டக்ளஸ். கறுப்பருக்கு மரண தண்டனை விதிக்க வர்ஜீனியாவில் 72 குற்றங்கள் இருக்கின்றன, வெள்ளையருக்கு இரண்டுதான் என்று காட்டுகிறார். தண்டிக்கச் சட்டம் எழுதியபோதே அவனை மனிதன் என்று ஒப்புக்கொண்டீர்கள் என்பது அவர் வாதம். அம்பேத்கரும் எண்களை வைக்கிறார். 7,635 திருத்தங்கள் தரப்பட்டன, 2,473 திருத்தங்கள் முன்மொழியப்பட்டன என்று, காலதாமதம் என்ற குற்றச்சாட்டுக்குக் கணக்கோடு பதில் சொல்கிறார். ஒருவர் எண்ணைக் கொண்டு சட்டத்தைக் கூண்டில் ஏற்றுகிறார். இன்னொருவர் எண்ணைக் கொண்டு சட்டம் எழுதிய வேலைக்குப் பொறுப்பேற்கிறார்.

இப்போது மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லலாம். ‘டக்ளஸ் கொண்டாடியவர்களிடமிருந்து விலகி நின்று அவர்களை வெட்கப்பட வைத்தார், அம்பேத்கர் அவர்களோடு சேர்ந்து நின்று அவர்களைப் பொறுப்பேற்க வைத்தார்.’ இதை ஒரு மாணவர் மறுக்கலாம். மறுக்கக் கூடியதாக இருந்தால்தான் அது கருத்து. ‘இருவரும் சிறந்தவர்கள்’ என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை, அதனால் அதில் கருத்தும் இல்லை. பிறகு ஒவ்வொரு பத்தியிலும் ஒரே அளவுகோலை எடுத்து இரண்டு உரைகளையும் அதில் அளக்க வேண்டும். ஒரு பத்தி கேட்பவர்களைப் பற்றி. ஒரு பத்தி பிரதிப்பெயர்களைப் பற்றி. ஒரு பத்தி வாதங்களைப் பற்றி. ஒவ்வொன்றின் முடிவிலும் ‘ஏன் இந்த வேறுபாடு?’ என்ற கேள்விக்குப் பதில்.

ஓர் எச்சரிக்கை. அம்பேத்கரைப் பற்றி என்றால் பிள்ளைகள் கட்டுரையை வாழ்த்துப்பாவாக மாற்றிவிடுவார்கள். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு வழி என்று அவர் எச்சரித்தது இதே உரையில்தான். இதே உரையில், அரசியல் சட்ட வழிகள் திறந்துவிட்ட பிறகு சத்தியாகிரகத்தையும் கைவிட வேண்டும் என்கிறார். 1927இல் மகத் குளத்துக்கும் 1930இல் நாசிக் காலாராம் கோயிலுக்கும் மக்களைத் திரட்டியவர் அவர். மனுமேல் மனு கொடுத்தும் பட்டா கிடைக்காத குடியிருப்பிலிருந்து வரும் மாணவி, ‘எங்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறதா?’ என்று எழுதினால் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். ஆதாரத்தோடு எழுதியிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

தேர்தல் மேடையிலும் சாதிச் சங்க மாநாட்டிலும் நாளை இந்தப் பிள்ளைகளிடம் பலர் ‘நாம்’ என்று பேசப் போகிறார்கள். அந்த ‘நாம்’ யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது, சேர்த்துக்கொண்டு என்ன செய்யச் சொல்கிறது என்று கேட்கத் தெரிந்த பிள்ளையைக் கைதட்டுக்கு மயக்க முடியாது. அந்தக் கேள்வியை எழுதிப் பழக ஒப்பீட்டுக் கட்டுரை ஒரு நல்ல இடம். வருகிற வாரமே தொடங்குங்கள்.