செய்து காட்டுவோம், செய்ய விடுவோம்

(தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிமாருக்கும் நடந்த பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



புதிதாகப் பேர் பதிந்த பிள்ளைகளுக்குத் தோட்டங்களில் பயிற்சி நடக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் எப்படி நடக்கிறது? ஒரு தோட்டத்தில் பிள்ளைகளை மண்டபத்தில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசினார்கள். படமும் காட்டினார்கள். மறுநாள் கூடையோடு மலைக்கு அனுப்பினார்கள். அந்தியில் நிறுத்துப் பார்த்தால் கேட்ட கிலோவில் பாதிகூட இல்லை. கிடைத்தது அரைப் பேர், ஏச்சு வேறு. பிள்ளை கற்கவில்லையா, கற்றுக்கொடுத்தவர் காட்டவில்லையா?

நம் தொழில் கையில் இருக்கிறது. ஈரிலையும் ஓர் அரும்பும் என்று யாரும் சொல்லிவிடலாம். நகத்தால் கிள்ளாமல் விரலால் ஒடிப்பது, கைக்குள் இறுக்கிக் கசக்காமல் கூடையில் போடுவது, மட்டத்துக்குக் கீழே கை வைக்காதது, அரும்பு விடாமல் நின்றுபோன குருத்தை உடைத்துவிடுவது, இவையெல்லாம் கண்ணால் பார்த்து வர வேண்டியவை. கசங்கிய கொழுந்து தொழிற்சாலைக்குப் போகுமுன்பே சிவந்துவிடும். அந்தப் பழியும் நம்மீதுதான் விழும்.

காட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. எதிரே நின்று காட்டாதீர்கள். உங்கள் வலது கை பிள்ளைக்கு இடப்பக்கம் தெரியும். பக்கத்தில், ஒரே நிரையில் நில்லுங்கள். முதல் செடியைப் பேசாமல், வழக்கமான வேகத்தில் எடுங்கள். இரண்டாவதை மெதுவாக, ஏன் இதை எடுத்தோம், ஏன் அதை விட்டோம் என்று சொல்லி எடுங்கள். மூன்றாவதில் பிள்ளை சொல்லட்டும், உங்கள் கை செய்யட்டும். நாலாவது பிள்ளையின் கை. அப்போது உங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பிழை வந்தால் கூடையைப் பிடுங்காமல், அந்த ஒன்றை மட்டும் மறுபடி காட்டுங்கள்.

சரிவில் கால் வைப்பதையும் இப்படியே காட்டுங்கள். நிரைக்குள் இறங்குமுன் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்ப்பதை முதல் நாளே காட்டுங்கள். அது உயிர் விஷயம்.

இனி நம் உரிமைக்கு வருவோம். காட்டிக்கொடுக்கும் அக்காவுக்கு என்ன கிடைக்கிறது? மெதுவாக எடுத்தால் அவருடைய கிலோ குறைகிறது. கிலோ குறைந்தால் சம்பளம் குறைகிறது. பிறகு எந்த அக்கா முன்வருவார்? அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே துரைமாரிடம் மூன்று விஷயங்களைக் கேட்கிறோம். பயிற்சி நாட்களில் கற்பவருக்கும் காட்டுபவருக்கும் கிலோ பார்க்காமல் முழுப் பேர் வேண்டும். பயிற்சி மலையில், வேலை நேரத்தில், நமக்கு விளங்கும் தமிழில் நடக்க வேண்டும். ஒருவரிடம் நாலைந்து பேருக்கு மேல் விடக்கூடாது. இதை எழுத்தில் கொடுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

தோழர்களே, இதையும் பேசியே முடித்தால் நாமும் அந்த மண்டபத்துக்காரர்கள் ஆகிவிடுவோம். தேத்தண்ணீர் குடித்துவிட்டு எல்லோரும் மலைக்கு வாருங்கள். தலைவர்மாரும் கூடை கட்ட வேண்டும், தலைவிமார் காட்டுவார்கள்.