பஞ்சாரத்துக்குள்ள எட்டு நாள்

இன்னைக்கு ஒரே ஒரு கோழியைப் பத்தி மட்டும்தான் பேசப் போறேன். பேரு கருப்பி. நான் இப்ப ஊர்ல இருந்துதான் ரெக்கார்ட் பண்றேன், மேலநீலிதநல்லூர்ல. பின்னாடி கொக்கரிக்கிற சத்தம் கேட்டா எடிட்டிங்ல விட்டுட்டோம்னு நினைக்காதீங்க, வேணும்னுதான் வச்சிருக்கோம்.

ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமப் பெஞ்சுச்சு. எங்க வளவுல ஏழு பெட்டை, ஒரு சேவல். கீரி பயம், மழை, ரெண்டும் சேர்ந்து எல்லாத்தையும் நாலடிக்கு மூணடி கூட்டுல அடைச்சே வச்சிருந்தோம். தீனின்னு பார்த்தா வெறும் குருணையும் தவிடும். மழை விட்ட அன்னைக்குக் காலைல திறந்தா ஏழும் ஓடி வந்துச்சு, கருப்பி மட்டும் வரலை. சுவருக்கும் பழைய ஆட்டுரலுக்கும் நடுவுல தலையை உள்ள விட்டுக்கிட்டு முதுகைக் காட்டி நிக்குது. பின்கழுத்துல பத்து ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோலே இல்லை. கொண்டை கிழிஞ்சிருக்கு.

நான் அழுதுட்டேன். ஆச்சி அழலை. வெந்நீரை ஆற வச்சு உப்புப் போட்டுக் கொண்டு வந்தாங்க. அளவு வேணும்னா, ஒரு லிட்டர் தண்ணிக்கு 9 கிராம் உப்பு. தேய்க்காம, மேல ஊத்தி ஊத்திக் கழுவணும். அழுக்கும் ஒட்டின இறகும் போன பிறகுதான் காயம் எவ்வளவு ஆழம்னே தெரியும். சதை வரைக்கும் போயிருந்துச்சு, அதனால அன்னைக்கே கால்நடை டாக்டர்கிட்ட கொண்டு போனோம். மேலோட்டமான சிராய்ப்புன்னா ஆச்சி மஞ்சளை வேப்பெண்ணெய்ல குழைச்சுப் போடுவாங்க. அதுல ரெண்டு லாபம்: ஈ அண்டாது, சிவப்பும் மறைஞ்சிரும். கோழிக்குச் சிவப்பு கண்ணுல பட்டா கொத்தணும், அவ்வளவுதான். ரத்தம் தெரியிற வரைக்கும் மத்தது விடாது.

ஈயை லேசா நினைச்சிராதீங்க. திறந்த புண்ணுல ஈ முட்டை வச்சா ஒரு நாளைக்குள்ள புழு வந்துரும். தினம் ரெண்டு வேளை பிரிச்சுப் பார்க்கணும். எச்சவாய்ப் பக்கம் கொத்து விழுந்திருந்தா வீட்டு வைத்தியமே வேண்டாம். அங்க குடல் வரைக்கும் இழுத்துரும், நேரா டாக்டர்தான். நம்ம வலி மாத்திரையை உடைச்சுக் கொடுக்கிற வேலையும் வேண்டாம். ஆன்டிபயாடிக் கொடுத்தா எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாதுன்னு மறக்காமக் கேட்டுக்கோங்க.

இது வரைக்கும் எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். தப்பு இதுக்கு அப்புறம். பாவமா இருக்கேன்னு கருப்பியை மாடி அறைக்குக் கொண்டு போயிட்டேன். அட்டைப்பெட்டி, வைக்கோல், ஃபேன், அவிச்ச முட்டை, நான் பேசுற பேச்சு. 24 நாள். புண் அருமையா ஆறிப்போச்சு. 25ஆம் நாள் நண்பகல்ல பெருமையாத் தூக்கிட்டு வந்து கூட்டத்துக்கு நடுவுல இறக்கி விட்டேன்.

ரெண்டு நிமிஷம் கூட ஆகலை. செவலைன்னு ஒருத்தி, அதுவும் முன்னாடி கருப்பி கொத்தினா ஒதுங்கிப் போறவ, மேல ஏறி உட்கார்ந்து அதே பின்கழுத்தைப் பிடிச்சுட்டா. ஆறின இடம் திரும்பக் கிழிஞ்சிருச்சு.

இது ஏன்னு அப்புறம் தேடிப் படிச்சேன். நம்ம ஆபீஸ்ல ‘பெக்கிங் ஆர்டர்’னு சொல்றோம்ல, அந்த வார்த்தையே கோழிக்கூட்டுல இருந்து வந்ததுதான். தோர்லீஃப் ஷெல்டெருப்-எப்பேன்னு ஒரு நார்வேக்காரர், சின்னப் பையனா இருக்கும்போதே கோழிகளைப் பார்த்துப் பார்த்துக் குறிச்சு வச்சவர். யாரு யாரைக் கொத்தலாம்னு கோழிகளுக்குள்ள ஒரு வரிசை இருக்குன்னு 1922ல ஜெர்மன் மொழியில எழுதினார். அந்த வரிசை சில நேரம் நேரா இருக்காது, ஒண்ணு ரெண்டைக் கொத்தும், ரெண்டு மூணைக் கொத்தும், மூணு வந்து ஒண்ணைக் கொத்தும். எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப் மாதிரி.

வரிசை ஒரு தடவை முடிவாயிட்டா அப்புறம் பெரிய சண்டை இல்லை, ஒரு முறைப்புலயே வேலை முடிஞ்சிரும். ஆனா ரெண்டு மூணு வாரம் கண்ணுல படாமப் போனா உங்க இடம் காலி. கோழி இன்னொரு கோழியை அடையாளம் வைக்கிறது பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் பார்த்து. கருப்பிக்குக் கொண்டை கிழிஞ்சு வேற உருவமே வந்திருச்சு. அதுங்களுக்கு அவ ஒரு அந்நியக்காரி. அவளை அந்நியக்காரி ஆக்கினது, என் பாசமும் அந்த மாடி அறையும்தான்.

ஆச்சி திண்ணையில இருந்தே சொன்னாங்க: “ஏட்டி, மாசக்கணக்குல காணாமப் போனவ வந்தவுடனே நேரா அடுப்படிக்குள்ள நுழைஞ்சா விடுவாளுகளா? பஞ்சாரத்த எடுத்துக் கவுத்து.”

பஞ்சாரம் சிட்டி ஆளுங்களுக்குத் தெரியாம இருக்கலாம். மூங்கில் பிளாச்சுல பின்னின பெரிய கூடை, கவிழ்த்து வச்சா உள்ள கோழி நிக்கலாம், இடுக்கு வழியா வெளிய பார்க்கலாம். பருந்துக்குப் பயந்து குஞ்சுகளை இதுலதான் மூடி வைப்பாங்க. கோழி வளர்ப்புப் புத்தகத்துல எல்லாம் ‘பார்க்கலாம், தொட முடியாது’ன்னு கம்பித் தடுப்பு படம் போட்டு விளக்குவாங்களே, அது எங்க வீட்டுப் பரண்ல நூலாம்படையோட கிடந்திருக்கு.

காயம் திரும்பக் காய்ஞ்சு பொருக்குக் கட்டின பிறகு, வளவு நடுவுலயே, வேப்ப மரத்து நிழல்ல கவிழ்த்தோம். மேல ஒரு செங்கல். உள்ள தண்ணி, தீனி. மத்ததுங்களுக்கு வெளியே, பஞ்சாரத்துல இருந்து ஓரடி தள்ளி தீனி. முதல் ரெண்டு நாள் செவலை சுத்திச் சுத்தி இடுக்குல கொத்தினா. மூணாம் நாள் அலுத்துப் போச்சு. நாலாம் நாள் பஞ்சாரத்தை ஒட்டியே மண்ணு குளிச்சா. அஞ்சாம் நாள் கூட்டத்துலயே சாதுவான புள்ளியைப் பிடிச்சு உள்ள விட்டோம். ஒண்ணாத் திரும்புறதை விட ரெண்டாத் திரும்புறது நல்லது, அடி பிரிஞ்சு போகும்.

எட்டாம் நாள், பகல்ல இல்லை, கோழி அடையிற நேரத்துல பஞ்சாரத்தைத் தூக்கினோம். இருட்டுல கோழிக்குக் கண்ணு தெரியாது, சண்டைக்கும் தெம்பு இருக்காது. காலைல எல்லாம் சேர்ந்தே முழிக்கும். விடியிறதுக்கு முன்னாடியே நான் போய் உட்கார்ந்துட்டேன். ரெண்டு இடத்துல தீனி, ரெண்டு இடத்துல தண்ணி, சுவர்ல சாய்ச்ச ஒரு பழைய கதவு. துரத்தினா பின்னாடி ஓடி மறையத்தான் அந்தக் கதவு.

ரெண்டு கொத்து கொத்திட்டு நிறுத்தினா விட்டுருங்க, அது பேச்சுவார்த்தை. ரத்தம் வந்தா, இல்ல தண்ணிக்கிட்டயே விடாம ஒருத்தி விரட்டினா, அப்பத்தான் நடுவுல போகணும். அப்பவும் அடி வாங்குறதைத் தூக்காதீங்க, அடிக்கிறதைத் தூக்குங்க. செவலையை மூணு நாள் பஞ்சாரத்துல போட்டோம். வெளிய வந்தப்ப வரிசையில அவ இடமே கொஞ்சம் ஆடிப் போயிருந்துச்சு.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் நம்ம வீட்டுக் கோழி திரும்பி வர்றதுக்குத்தான். சந்தையில வாங்கின புதுக் கோழின்னா மூணு நாலு வாரம் கண்ணுல கூடப் படாம, தூரமாத் தனியா வச்சே ஆகணும். வெள்ளைக்கழிச்சல் ஒண்ணு போதும், கூட்டமே காலி. மொட்டை மாடியில வளர்க்கிறவங்க பஞ்சாரத்துக்குப் பதிலா நாய்க்கூண்டு வச்சுக்கலாம், துளை போட்ட பெரிய துணிக்கூடையும் ஆகும்.

கொத்து ஏன் ஆரம்பிச்சுதுன்னு பார்க்காம விட்டா அடுத்த மழைக்கு இன்னொரு கருப்பி. பெரிய பண்ணைகள்ல அலகு நுனியை வெட்டிருவாங்க. வளவுக்கு அது தேவையே இல்லை. கூட்டைப் பெருசாக்கினோம். குருணையோட கடலைப்புண்ணாக்கு, கரையான், முருங்கைக்கீரை. இறகு முழுக்கப் புரதம், உடம்புல அது குறைஞ்சா பக்கத்துக் கோழியோட இறகையே பிடுங்கித் திங்கும். புண்ணாக்குல பூஞ்சை இருந்தா மட்டும் தூக்கிப் போட்டுருங்க, அது விஷம். றெக்கைக்கு அடியில செள்ளு இருக்கான்னும் பாருங்க, அரிப்புல இருக்கிற கோழிக்குக் கோபம் ஜாஸ்தி.

கருப்பி இப்போ வரிசையில கடைசிக்கு முந்தின இடம். செவலை குடிச்சு முடிச்ச பிறகுதான் தண்ணிக்குப் போறா. எனக்கு அது இன்னும் உறுத்துது, அவளுக்கு உறுத்துற மாதிரி தெரியலை. பின்கழுத்துல புது இறகு குச்சி குச்சியா முளைக்குது. அந்தக் குருத்துல ரத்தம் ஓடுறதால இன்னும் கொஞ்ச நாளைக்குக் கண்ணு வச்சுக்கிட்டே இருக்கணும். முட்டை இன்னும் விடலை. இறகு முளைச்சு முடியட்டும்னு ஆச்சி சொல்றாங்க.