ஓரியூரும் உபதேசியாரும்



சிவாலயத் திருப்பணிகளுக்கும் வேதபாடசாலைகளுக்கும் தலைமுறை தலைமுறையாக வாரி வழங்கிய இந்தச் செட்டிநாட்டில், ஒரு நினைவுச் சொற்பொழிவுக்குக் கிறிஸ்தவத் திருச்சபையின் சீடத்துவப் பணியைப் பொருளாகக் கொள்ளலாம் என்று இசைந்த அறக்கட்டளைப் பொறுப்பாளர்களின் விசாலமான மனத்தை முதற்கண் வணங்குகிறேன். அப்பொருளைத் தேடி நான் எருசலேமுக்கோ ரோமாபுரிக்கோ போக வேண்டியதில்லை. இந்தப் புதுவயலிலிருந்து தேவகோட்டைக்கும் திருவாடானைக்கும் சென்று, பின் கடற்கரைப் பக்கமாகத் திரும்புகிறவர் சேருகிற ஓரியூரே அதற்குப் போதும்.

திருச்சபை எதை நம்புகிறது என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்லிவிடுவது முறை. சகலத்தையும் படைத்த கடவுள் ஒருவரே என்றும், அவர் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூவராய் ஏகமாயிருக்கிறார் என்றும், சுதனானவர் கன்னிமரியிடத்தில் மனிதாவதாரமெடுத்து, உலகத்தின் பாவத்துக்குப் பரிகாரமாகச் சிலுவையில் உயிர்நீத்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்றும், மரித்தோர் யாவரும் எழுந்து அவர் முன் கணக்குக் கொடுக்கும் நாள் ஒன்று உண்டு என்றும் கத்தோலிக்கரும் புராட்டஸ்டாண்டு சபையாரும் ஒருங்கே அறிக்கையிடுகின்றனர். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் முடிவில், உயிர்த்த இயேசு தம் அணுக்கர் பதினொருவருக்கு இட்ட கட்டளையில், எல்லா இனத்தாரையும் சீடராக்குவதும், ஞானஸ்நானம் கொடுப்பதும், தாம் சொன்னவற்றைக் கடைப்பிடிக்கக் கற்பிப்பதும் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றுள் ஞானஸ்நானம் ஒரு நாழிகையில் முடிந்துவிடும். அதை எண்ணலாம், ஏட்டில் பதியலாம், மேலிடத்துக்கு எழுதியனுப்பலாம். மற்ற இரண்டும் ஆயுட்காலம் பிடிப்பவை, எண்ணிக்கைக்கு அகப்படாதவை. ஆதலால் சரித்திரக்காரர் கண்ணுக்குப் பெரும்பாலும் தப்பிவிட்டன. என் பேச்சு அவ்விரண்டையும் பற்றியதே.

முத்துக்குளித்துறையில் 1530களில் பரதவர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றபோது, போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடியதே அதற்குப் பெருங்காரணமாயிருந்தது. 1542-ல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தாம் கிறிஸ்தவர் என்பதற்கு மேல் ஒன்றும் அறியாத அம்மக்களைக் கண்டு, விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் ஜெபங்களையும் தமிழாக்கச் செய்து, ஊரூராகப் பாராயணம் செய்வித்தார். தாம் போன பின்னும் அது தொடர்வதற்கு ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். அவர் வழிவந்த என்றிக்கே என்றிக்கஸ் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறிய நூல்களுள் இன்று நமக்குக் கிடைக்கும் முதலாவது. பதினாறே பக்கம் கொண்ட அந்நூல் காவியமும் அன்று, சாத்திரமும் அன்று, புதிதாகச் சேர்ந்தவனுக்கு நம்பிக்கையைப் பயிற்றும் ஒரு சிறு பாடம். தமிழச்சின் முதற்கடமை ஒரு சீடனுக்குப் பாடம் சொல்வதாக அமைந்தது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. பின்னர் 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலி, காவியுடுத்து மரக்கறியுண்டு, ‘ஞானோபதேசம்’ முதலிய நூல்களைத் தமிழிலேயே இயற்றியதை நீங்கள் அறிவீர்கள்; அதை விரிக்கப் போவதில்லை.

ஓரியூருக்கு வருகிறேன். 1647-ல் லிஸ்பன் நகரில் பிரபு குடும்பமொன்றில் பிறந்து, சேசு சபையில் சேர்ந்து, பண்டார சுவாமியாகக் கோலம் பூண்டு அருளானந்தர் என்று பெயர் பெற்ற ஜான் தெ பிரிட்டோ, 1686-ல் மறவர் சீமைக்குள் புகுந்து, அதே ஆண்டில், மக்களுக்கு வேதம் கற்பித்துத் தமக்குத் துணைநின்ற உபதேசியார்களுடன் பிடிபட்டுக் கொடிய வாதைகளுக்கு உள்ளானார். அச்சீமையின் அரசர் ரகுநாத கிழவன் சேதுபதி அவரை உயிரோடு விட்டார். சேசு சபையோ அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. லிஸ்பன் அரசவை அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பியும் அவர் இசையவில்லை; 1690-ல் மீண்டும் இந்தியா வந்து, அடுத்த ஆண்டே மறவர் சீமைக்குத் திரும்பினார்.

அச்சமயத்தில், சேதுபதியின் அரியணைக்கு உரிமை பாராட்டக்கூடிய தடியத்தேவர் தீராத நோயில் கிடந்தார். சுவாமியார் தாமே போகவில்லை. ஓர் உபதேசியாரை அனுப்பினார். அவர் நோயாளியின் அருகிலிருந்து வேதவாக்கியம் ஓதி ஜெபிக்க, தேவர் பிழைத்தெழுந்தார் என்பது மிஷன் வரலாறு சொல்லும் செய்தி. தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, கேட்டவர் சிற்றரசர் ஆயிற்றே என்று சுவாமியார் விதியைத் தளர்த்தவில்லை. பல மனைவியரை உடைய நீர் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினாலன்றி ஆகாது என்றார். தேவர் அவ்வாறே செய்து, 1693 ஜனவரி 6-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி சேதுபதிக்கு நெருங்கிய உறவினள்; அவள் அரண்மனையில் முறையிட்டாள். இரண்டு நாளில் சுவாமியார் சிறைப்பட்டார். இராமநாதபுரத்தில் விசாரணை நடந்து, ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, அங்கு அதிகாரம் செலுத்திய சேதுபதியின் சகோதரரிடம் ஒப்படைக்கப்பட்டு, பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். சிறையிலிருந்து கரியைக் கரைத்த மையினால் அவர் எழுதிய கடிதத்தில் கலக்கத்தின் சாயலே இல்லை.

இந்த வரலாற்றைச் சொல்வோரிற் பலர் அரசுரிமைப் பூசலை மறைத்துவிட்டுச் சமயத்தை மட்டும் பேசுவர். வேறு சிலர் சமயத்தை மறைத்துவிட்டு அரசியலை மட்டும் பேசுவர். இரண்டும் பிணைந்தே கிடந்தன என்பது என் துணிபு. ஆயினும் எவரும் பேசாத ஒன்று உண்டு. சீடத்துவத்துக்குத் தேவர் கொடுத்த விலையில் ஒரு பெரும் பங்கை, அதைக் கேட்டும் அறியாத பெண்கள் கொடுத்தார்கள். முறையிட்ட அப்பெண்ணை, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கு நிகராகப் பழிப்பது பிரசங்கிகளுக்கு வழக்கம். புக்ககத்தில் தனக்கிருந்த இடம் ஒரே நாளில் பறிபோன பெண் வேறென்ன செய்திருப்பாள்? சுவாமியாரின் பரிசுத்தத்துக்கு இக்கேள்வியால் ஒரு குறையும் இல்லை.

தடியத்தேவரிடம் அனுப்பப்பட்ட அந்த உபதேசியாரை நோக்குங்கள். மறவர் சீமையின் பெரிய மனமாற்றத்துக்கு வாயில் திறந்தவர் அவரே. ஆனால் ஓரியூர்க் கதையில் அவர் பெயரைச் சொல்வோர் அரியர். விரல்விட்டு எண்ணத்தக்க குருக்கள் காட்டிலும் மேட்டிலும் மறைந்து திரிந்த அக்காலத்தில், ஒரு கிராமத்துக் கிறிஸ்தவன் சுவாமியாரின் முகத்தை மாதக்கணக்கில் கண்டதில்லை. ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டி ஜெபம் சொல்லுவித்தவர், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்தியவர், சாகும் குழந்தைக்குத் தாமே தண்ணீர் ஊற்றியவர், வழக்குத் தீர்த்தவர், பிணம் அடக்கியவர் எல்லாம் உபதேசியார். நகரத்தாருக்கு இதை விளக்குவது எளிது. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் உங்கள் முன்னோர் வைத்திருந்த கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன், மேலாள் பேரேடு புரட்டுவதையும், கடன் கேட்டு வந்தவனிடம் பேச்சுக் கொடுத்து நாணயம் அறிவதையும் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்தே அடுத்தாளாக உயர்ந்தான். உபதேசியார் சீடனைப் பயிற்றியதும் அவ்வாறுதான். அவருடைய சினமும் பொறையும், கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் ஒழுங்கும் சேர்ந்தே பாடமாயின.

அப்பாடத்தில் தேறாத பகுதியும் இருந்தது. தடியத்தேவரிடம் மனைவியரை விலக்கச் சொன்ன கண்டிப்பு, சாதியை விலக்கச் சொல்வதில் இல்லாமற் போயிற்று. மேற்குலத்தாருக்கு ஒருவிதக் குரு, மற்றவர்களுக்கு வேறுவிதக் குரு என்று தொடங்கிய ஏற்பாடு, கோயிலுக்குள்ளேயே பிரிவினையாக முற்றி, வடக்கன்குளம் கோயிலில் சாதியைப் பிரித்த சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் அச்சுவர் இன்னும் நிற்கிறது. எதைக் கைவிடச் சொல்வது, எதைப் பொறுத்துக்கொள்வது என்று தேர்ந்ததில் திருச்சபை இங்கே தவறியது என்றே நான் கொள்கிறேன்.

புராட்டஸ்டாண்டு சபையாரின் கதை வேறொரு தனிப் பேச்சுக்கு உரியது. தரங்கம்பாடியில் உபதேசியாராயிருந்த ஆரோன் 1733-ல் குருப்பட்டம் பெற்றதையும், வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1903-ல் திருநெல்வேலியில் இந்தியரே பொருளுதவி செய்து இந்தியரே ஊழியம் செய்யும் மிஷனரி சங்கத்துக்கு வித்திட்டு, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானதையும் குறிப்பிட்டு அமைகிறேன். 1947 ஜூனில் அருளானந்தருக்கு அர்ச்சிஷ்டர் பட்டம் ரோமையில் அளிக்கப்பட்டது. ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. செப்டம்பரில் பல சபைகள் பழைய விசுவாசப் பிரமாணங்களையே அடிப்படையாகக் கொண்டு தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தன. நூற்றாண்டுகளாக அந்நியர் சமயம் என்று பேசப்பட்டது, மூன்று மாத இடைவெளியில் இந்நாட்டில் தன் வேரைக் காட்டிய ஆண்டு அது.

இன்று ஓரியூருக்கு வந்து, சுவாமியாரின் இரத்தத்தால் சிவந்தது என்று நம்பப்படும் செம்மணலை எடுத்துச் செல்வோரில் இந்துக்களும் முஸ்லிம்களும் உண்டு. மருது சகோதரர் ஆதரித்த சருகணிக் கோயிலில், 1973-ல் மறைந்த பிரெஞ்சுக்காரரான லெவே சுவாமியின் கல்லறையிலும் சாதி சமயம் பாராமல் மக்கள் விளக்கேற்றுகிறார்கள். குருக்களுக்கு நினைவிடம் உண்டு, விழா உண்டு, வரலாறும் உண்டு; உபதேசியார்களுக்கு இல்லை. தேவகோட்டை, திருவாடானை, காளையார்கோவில் சுற்றுவட்டத்துப் பழைய கிறிஸ்தவக் கிராமங்களில், தம் பாட்டனாருக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரின் பெயரையும், அவர் நடந்த ஊர்களையும் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கல்லூரியில் சரித்திரம் பயிலும் இளைஞர்கள், எச்சமயத்தவராயினும் சரி, அவர்களை நாடிச் சென்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்றும், அவ்வாறு எழுதப்படும் ஏடுகளை அச்சிடும் செலவை இவ்வறக்கட்டளை ஏற்க வேண்டும் என்றும் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.