மால்கு என்னும் பெயர்

(2024 புனித வாரத்தில் ஒலிபரப்பான வானொலி மறையுரை)



குருத்து ஞாயிறன்று மாற்கு எழுதிய பாடுகளின் வரலாற்றை நம் ஆலயங்களில் கேட்டோம். வருகிற வெள்ளிக்கிழமை யோவான் எழுதியதைக் கேட்கப்போகிறோம். இயேசுவைப் பிடிக்க வந்தபோது வாள் உருவப்பட்ட நிகழ்ச்சி இரண்டிலும் உண்டு. அருகில் நின்ற ஒருவர் வாளை உருவித் தலைமைக் குருவின் பணியாளரது காதைத் துண்டித்தார் என்று மாற்கு நிறுத்திக்கொள்கிறார். யார் அந்த ஒருவர்? அவர் சொல்லவில்லை. மத்தேயுவும் லூக்காவும் சொல்லவில்லை. யோவான் மட்டுமே, வாள் பிடித்தவர் சீமோன் பேதுரு என்கிறார். காதை இழந்தவரின் பெயர் மால்கு என்பதையும் சேர்த்து எழுதுகிறார்.

இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். முதல் நற்செய்திகளின் செய்தி பரவிய காலத்தில் பேதுருவின் பெயரைச் சொல்வது அவருக்கு ஆபத்து. யோவான் எழுதியபோது பேதுரு மறைசாட்சியாக இறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அந்த ஆபத்து எத்தகையது என்பதையும் யோவானே காட்டுகிறார். அன்று இரவு நெருப்பருகே குளிர்காய்ந்த பேதுருவைப் பார்த்து, உன்னைத் தோட்டத்தில் பார்த்தேனே என்று கேட்டவர் மால்குவின் உறவினர். பேதுரு மறுதலித்தது வெறும் கோழைத்தனம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வெட்டுப்பட்டவனின் சொந்தக்காரன் எதிரே நின்றால் யாருக்குத்தான் நா எழும்?

ஆயுதம் வைத்திருப்பவரின் பெயரை எழுதி வைக்க வேண்டுமா, எழுதினால் அதை யார் பார்க்கலாம் என்ற கேள்வி அவ்வளவு பழையது. இப்போது தேர்தல் நேரம். உரிமம் பெற்ற துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறார்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அடையாள எண் பொறிக்கப்படாத துப்பாக்கியை விற்க முடியாது. விற்கும் கடைக்காரர் பேரேடு வைக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் விவரம் தேசியத் தரவுத்தளத்திலும் ஏறிவிட்டது. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. அங்கே மத்திய அரசு துப்பாக்கி உரிமையாளர்களின் பதிவேட்டை உருவாக்கக் கூடாது என்று 1986இலேயே சட்டம் செய்துவிட்டார்கள். அவர்களுடைய அச்சம் முழுவதும் வீண் என்று சொல்லமாட்டேன். 2012 கடைசியில் நியூயார்க் அருகே ஒரு செய்தித்தாள், கைத்துப்பாக்கி அனுமதி பெற்றவர்களின் பெயரையும் முகவரியையும் வரைபடமாகவே வெளியிட்டது. 2022இல் கலிபோர்னியா அரசின் இணையதளத்திலிருந்தே அத்தகைய விவரங்கள் கசிந்தன.

நம் தாமிரபரணிக் கரையில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். இங்கே உயிரை எடுப்பது பெரும்பாலும் அரிவாள். 2021 செப்டம்பரில் அடுத்தடுத்து நடந்த பழிக்குப்பழிக் கொலைகளுக்குப் பிறகு தமிழகக் காவல்துறை மாநிலம் முழுவதும் தேடுதல் நடத்தியது. ஆயிரத்துக்கும் அதிகமான கத்தி அரிவாள்கள் சிக்கின. துப்பாக்கிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்போது காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபுவின் உத்தரவுப்படி, பட்டறைக்காரர்களையும் கடைக்காரர்களையும் அழைத்துப் பேசினார்கள். அரிவாள் வாங்குபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் குறித்துவையுங்கள், முகம் தெரியாதவருக்குக் கொடுக்காதீர்கள், கண்காணிப்புக் கேமரா மாட்டுங்கள் என்றார்கள்.

உலையில் வேகும் கொல்லரிடம் போய்ப் பேரேடு எழுதச் சொல்வது பைபிளில் வரும் பெலிஸ்தியரை நினைவுபடுத்துகிறது. சாமுவேல் முதல் நூல் பதின்மூன்றாம் அதிகாரம்: இஸ்ரயேலில் கொல்லரே இருக்கக்கூடாது என்று பெலிஸ்தியர் தடுத்துவிட்டதால், கொழுவைத் தீட்டவும் அவர்களிடமே போக வேண்டியிருந்தது. (தீட்டுவதற்குக் கூலி எவ்வளவு என்பதைக்கூட அந்த நூல் விடாமல் எழுதியிருக்கிறது.) நம் மண்ணுக்கும் அந்த அனுபவம் உண்டு. 1801இல் ஊமைத்துரையின் போர் முடிந்ததும் பாளையக்காரர் கோட்டைகளை இடித்த கும்பெனியார், மக்களின் ஆயுதங்களையும் ஒப்படைக்கச் சொன்னார்கள்.

ஆனாலும் காவல்துறையின் யோசனையை நான் எதிர்க்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை எப்படி மறப்பது? பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சொந்த வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். அதற்காகப் பிடிபட்டவர்களில் உடன்படித்த மாணவர்களும் இருந்தார்கள். பதினேழு வயதுப் பையன் வந்து அரிவாள் கேட்டால், எதற்கு என்று ஒருவராவது கேட்க வேண்டாமா? கட்டிலுக்கு அடியில் தாத்தா காலத்து அரிவாள் கிடக்கிற வீட்டில் பட்டறையின் பேரேடு ஒன்றும் செய்யாது என்பது எனக்கும் தெரியும். அதை வீட்டிலுள்ள பெரியவர்கள்தாம் கேட்க வேண்டும்.

என் கவலை வேறு. துப்பாக்கி உரிமம் பெற்றவரின் விவரம் ஆட்சியர் அலுவலகக் கோப்பில் இருக்கும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு அவருக்குக் கைகொடுக்கும். பாளை சீவ அரிவாள் வாங்கும் பனையேறியின் பெயரோ, பட்டறைத் திண்ணையில் கிடக்கும் நாற்பது பக்க நோட்டில் இருக்கும். பெயருக்கு அடுத்து தெரு. நம் ஊர்களில் தெருவின் பெயரைச் சொன்னால் சாதியைச் சொன்னதாயிற்று. அடுத்து வருகிறவர் அந்த நோட்டைப் புரட்டி, இந்த மாதம் அந்தத் தெருவில் ஆறு அரிவாள் வாங்கியிருக்கிறார்கள் என்று டீக்கடையில் சொல்லிவிட்டால் போதும். கொடை விழா நெருங்கும்போது இந்த ஒரு பேச்சே மறுநாள் பன்னிரண்டு அரிவாள் வாங்கவைக்கும். வாங்கினவர்கள் வாழைத்தார் வெட்டத்தான் வாங்கியிருப்பார்கள்.

ஆகவே பட்டறை நடத்தும் சகோதரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எழுதுங்கள், எழுதிய நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். வேறு வாடிக்கையாளர் கண்ணில் படவேண்டாம். காவல்துறை நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: குற்றம் ஒன்று நடந்து, அதற்காகக் கேட்கும்போது அந்த நோட்டைத் திறங்கள். தெருத்தெருவாகப் பெயர் பொறுக்குவதற்குத் திறக்காதீர்கள்.

இன்னொன்று. அந்த நோட்டில் வாங்கியவரின் பெயருக்கு இடம் இருக்கிறது, வெட்டுப்பட்டவரின் பெயருக்கு இடமில்லை. இயேசு அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்கினார் என்று லூக்கா எழுதுகிறார், ஆனால் பெயரை எழுதவில்லை. யோவான் பெயரை எழுதினார். அவருக்கு ஓர் உறவினர் இருந்ததையும் எழுதினார். வெள்ளிக்கிழமை அந்த வரி வாசிக்கப்படும்போது, உங்கள் ஊரில் வெட்டுப்பட்டவர்களின் பெயர்களை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். எந்தத் தெருவாக இருந்தாலும் சொல்லுங்கள்.